கை இறங்கும்வரை

பை மடியிலேயே இருக்கட்டும், அன்பரே. மேலே வைத்தால் இந்த வண்டி குலுங்குகிற குலுக்கலுக்கு உள்ளே இருக்கும் வில்லை ஒன்றுக்கும் உதவாமல் போய்விடும். ஆம், கேமராதான். ஆனால் நான் தொழிலாகப் படமெடுப்பவன் அல்லேன். சிவகங்கையில் எங்களுக்கு ஒரு சிறு சங்கம் உண்டு. 'ஒளிப்பட அன்பர் குழாம்' என்று பெயர். பெயர் அடியேன் வைத்தது. பதினான்கு பேர். இன்று மாலை நான்கு மணிக்கு அவர்கள் கூடி, என்னை வைத்துக்கொள்வதா, விலக்குவதா என்று முடிவு செய்யப் போகிறார்கள். அதற்குள் ஒரு கடிதம் அவர்கள் மேசைமேல் இருந்தாக வேண்டும். இல்லையேல் எழுபத்தோராம் வயதில் எனக்கு அவப்பெயர். அந்தக் கடிதத்தின் பொருட்டுத்தான் விடியலில் மேலூருக்கு வண்டி ஏறினேன்.

நான் அம்பலவாணன். நில அளவைத் துறையில் முப்பத்துநான்கு ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன். நாள்தோறும் நீராடித் திருநீறணிந்து இரண்டு பதிகமாவது ஓதாமல் பச்சைத் தண்ணீரும் என் வாயில் படாது. புலால் என் தகப்பனார் காலத்துக்கும் முன்பே எங்கள் வீட்டை விட்டு நீங்கிவிட்டது. வயலில் அளவுச் சங்கிலி இழுக்கும்போது எறும்புப் புற்று குறுக்கிட்டால் சுற்றிப் போகச் சொல்லியவன் நான். இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், அப்படிப்பட்ட என்னை ஒரு பெண்பிள்ளை நிறைந்த கூட்டத்தில் 'கொலைகாரா' என்று அழைத்தாள். நான் குறை சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் சங்கம் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு தோறும் வெளியூர் போகும். ஒரு வேன் பிடித்துக்கொள்வோம். இட்லிப் பொட்டலம் இராயப்பன் கொண்டுவருவார். அவர்தான் செயலாளர், மருந்துக் கடை வைத்திருக்கிறார், வேதக்காரர், நல்ல மனிதர். தொடக்கத்தில் ஊருலகத்தில் எல்லாரும் எடுப்பதையே நாங்களும் எடுத்தோம். தாமரைக் குளம். கோபுரத்தின்மேல் புறா. பல்லில்லாத கிழவியின் சிரிப்பு. "சார், படம்னா மனசுக்கு இதமா இருக்கணும்" என்பார் இராயப்பன்.

எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. இதம் என்றால் என்ன? நாம் வணங்குகிற பெருமான் இதமாகவா இருக்கிறார்? மூன்று கோட்டைகளைச் சிரித்தே எரித்தார். மதயானையை உயிரோடு உரித்து, அந்த ஈரத்தோலை அப்படியே போர்த்துக்கொண்டார். தம்மை அண்டிய பாலகனுக்காகக் காலனையே காலால் உதைத்தார். பெரியோர்கள் இதற்கு மறக்கருணை என்று பெயர் சொல்வார்கள். அடிப்பதுபோல் தோன்றும். அருளாக இருக்கும். அதைக் காணக் கண் வேண்டும். புறாவைப் படமெடுத்துப் பழகிய கண்ணுக்கு அது தெரியாது.

ஆகவே நான் குழுவை வேறு இடங்களுக்கு அழைத்துப்போகத் தலைப்பட்டேன். கிடாய் முட்டு. இரண்டு கிடாய்கள் முப்பதடி பின்வாங்கி ஓடிவந்து மோதும்போது மண்டையோடு மண்டை படுகிற ஓசை இருக்கிறதே, அது நெஞ்செலும்பில் கேட்கும். சேவற்கட்டு. கத்தி கட்டிய காலோடு ஒன்று மற்றொன்றின் கண்ணைக் கொத்தி எடுத்ததை நான் ஒரு படத்திலே பிடித்திருக்கிறேன். காட்டுக் கோயில் ஒன்றில் நூற்றெட்டுக் கிடாவெட்டு. வெட்டினவர் முழங்கைவரை சிவந்து, ஒரு தலை தரையைத் தொடும் முன்பே அடுத்த கழுத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இராயப்பன் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். நான் புலால் உண்ணாதவன், எனக்கு ஒன்றும் செய்யவில்லை. அன்றைக்கு எனக்குக் கிட்டிய படங்கள் பன்னிரண்டு.

விதி என்று ஒன்றை எங்கள் சங்கத்தில் நான் எழுதியதும் அந்தக் காலத்தில்தான். முன்னொரு நாள் கிடாய்கள் மோதுகிற கணத்தில் இராயப்பன் தண்ணீர்ப் புட்டியோடு என் படத்துக்குள் நடந்து வந்துவிட்டார். இரண்டு கொம்புகளுக்கும் நடுவில் அவருடைய வழுக்கைத் தலை. சிரிக்காதீர்கள். அரை நாள் தவம் பாழாயிற்று. எனவே அடுத்த கூட்டத்திலே தீர்மானம் கொண்டுவந்தேன்: உறுப்பினர் ஒருவர் இடக்கையை உயர்த்தினால், எதிரே இருக்கும் உறுப்பினர் யாராயினும் நின்ற இடத்தில் அப்படியே நிற்க வேண்டும். கை இறங்கும்வரை அசையலாகாது. மீறினால் அடுத்த இரண்டு பயணங்களுக்கு வரக்கூடாது. ஒருமனதாக நிறைவேறியது. இராயப்பனை இருமுறை நிறுத்தியும் வைத்தோம்.

இது என் கண்டுபிடிப்பு அன்று. எங்கள் துறையின் பழக்கம். அளக்கிறவர் கருவியை ஊன்றி இங்கே நிற்பார். அளவுகோலைப் பிடித்துக்கொண்டு ஆள் அங்கே நிற்பான், இருநூறடி, முந்நூறடி தொலைவில். கூப்பிட்டால் கேட்காது. கைதான் பேச்சு. இடக்கை உயர்ந்தால் 'பார்க்கிறேன், அசையாதே' என்று பொருள். கோல் ஒரு விரற்கடை சாய்ந்தாலும் ஒருவன் காணி அடுத்தவனுக்குப் போய்விடும் அல்லவா?

என்னிடம் கோல் பிடித்தவன் சேவுகன். இருபத்திரண்டு ஆண்டுகள். அவனைப்போல் நிற்கத் தெரிந்த ஆளை நான் கண்டதில்லை. ஒருமுறை கோவானூர்ப் பக்கம் ஓடைக்கரையில் அவன் புறங்காலின்மேல் பாம்பு ஏறிப் போயிற்று. கை உயர்ந்திருந்தது. நின்றான். நான் அளவைக் குறித்துக்கொண்டு கையை இறக்கிய பிறகுதான், "ஐயா, பாம்புங்கய்யா" என்று கத்தினான். அன்று மாலை அவனுக்கு என் கையாலேயே காப்பி வாங்கிக் கொடுத்தேன்.

ஓய்வு பெற்ற பிறகும் அவன் என்னை விடவில்லை. சங்கத்துப் பயணங்களில் என் பையைச் சுமக்க வருவான். இராயப்பன்தான் அவனைக் கெடுத்தார். தம்முடைய பழைய கேமராவை அவனிடம் கொடுத்து, "சேவுகா, நீயும் அமுக்கிப் பாரேன்" என்றார். அவனை உறுப்பினனாகவும் ஆக்கினார். எனக்கு மகிழ்ச்சியே. ஏன் மகிழ்ச்சி இராது?

அவன் முதலில் எடுத்தது பறவைக் கண்மாயில். ஆறு மணி நேரம் இடுப்பளவு நீரில் நின்றிருக்கிறான். கூழைக்கடா ஒன்று விராலை விழுங்கும்போது, மீன் இன்னும் துள்ளிக்கொண்டிருக்கிறது, தொண்டைத் தோலுக்குள்ளே அதன் முதுகுமுள் புடைத்துத் தெரிகிறது. அதுதான் படம். மதுரையிலிருந்து வந்த நடுவர் அதற்கு முதற்பரிசு கொடுத்தார். என் கிடாவெட்டுப் படத்துக்கு மூன்றாம் பரிசு. "இந்த மீனு உயிரோட இருக்கு சார், உங்க படத்துல எல்லாம் செத்துப்போச்சு" என்று அந்த நடுவர் என்னிடமே சொன்னார். மீசை முளைத்து நான்கு வருடம் ஆகியிராது. நான் குறை சொல்லவில்லை. மேடையில் சேவுகனுக்குச் சால்வை போர்த்தியவனும் நானே. "எல்லாம் ஐயா நிக்கச் சொல்லிக் குடுத்ததுதான்" என்று ஒலிபெருக்கியில் சொன்னான். எல்லாரும் கைதட்டினார்கள். எனக்காகத் தட்டவில்லை.

மாசி மாதம் மஞ்சுவிரட்டுக்குப் போனோம். ஊர்ப் பெயர் வேண்டாம். எங்கள் பக்கத்து மஞ்சுவிரட்டைத் தாங்கள் பார்த்ததுண்டா? தொழுவிலிருந்து ஒவ்வொன்றாக அவிழ்த்து விடுவது ஒன்று. அதற்கு வேலி உண்டு, மேடை உண்டு, காவலர் உண்டு. மற்றொன்று கட்டுமாடு. வெளியூர்க்காரர்கள் தங்கள் மாடுகளை வற்றிய கண்மாய்க்குள்ளும் பொட்டலிலும் நின்ற இடத்தில் அவிழ்த்து விட்டுவிடுவார்கள். எந்தத் திசையிலிருந்து எது வரும் என்று யாருக்கும் தெரியாது. வேடிக்கை பார்க்கிறவனைத்தான் அது பெரும்பாலும் குத்தும். அன்று காலை பத்து மணிக்குள் ஒன்பது பேரைத் தூக்கிப் போனார்கள். ஒருவனுக்குக் கன்னம் கிழிந்து உள்ளே பல்வரிசை தெரிந்தது. மற்றொருவன் தன் குடலைத் துண்டால் கட்டிக்கொண்டு, தானே நடந்து போய் ஆம்புலன்ஸில் ஏறினான். "அண்ணே, செருப்பைக் காணோம், பார்த்து எடுத்து வைங்க" என்று சொல்லிக்கொண்டே ஏறினான். மனிதப் பிறவியை என்னவென்பது!

நான் கண்மாய்க் கரைமேல் புளியமரத்தை அணைந்து முக்காலியில் கேமராவை நிறுத்தியிருந்தேன். விரலால் அழுத்த வேண்டாம், கம்பி வைத்த விசை உண்டு. சேவுகன் கீழே, கண்மாயின் வற்றிய உள்வாயில், எழுபதடி தள்ளி. அவனும் தன் கேமராவோடு ஏதோ ஒன்றுக்காகக் காத்துக்கொண்டிருந்தான். சுற்றிலும் புழுதி. வெயில் அந்தப் புழுதிக்குள் இறங்கி, அவனைச் சுற்றி மட்டும் பொன்னாகப் படர்ந்திருந்தது. கோயிலில் தீபாராதனைக்குத் திரை விலகினால் எப்படி இருக்கும்? அப்படி.

நான் இடக்கையை உயர்த்தினேன்.

அவன் பார்த்தான். நின்றான்.

இடப்பக்கத்திலிருந்து ஒரு மயிலைக்காளை வந்தது. கொம்பிலே எவனுடைய சட்டையோ கிழிந்து தொங்கிற்று. சனம் "ஓடு! ஓடு!" என்று அலறியது. அவன் மைத்துனன் மாயழகு, மாடுபிடிக்கிறவன், அவன் குரலும் கேட்டது: "மச்சான், ஓடுய்யா! ஓடித் தொலைய்யா!" சேவுகன் ஓடவில்லை. மாட்டைப் பார்க்கவும் இல்லை. அவன் முகம் என் பக்கமாகவே இருந்தது. எவ்வளவு அமைதி தெரியுமா அந்த முகத்தில்! ஏழு படம் எடுத்தேன். நான்காவதுதான் உச்சம். கொம்பு நுனிக்கும் அவன் விலாவுக்கும் இடையில் நான்கு விரல் வெளிச்சம். அந்த நேரத்திலும் விழிகள் என்னையே நோக்கியிருக்கின்றன. இறைவனடியைக் கண்டுகொண்ட அடியார்களுடைய பார்வை அது. அதனால்தான் அந்தப் படத்துக்கு 'அருட்பார்வை' என்று பெயரிட்டேன்.

பிறகு குத்திற்று. அடிவயிற்றில் ஒரு கொம்பு இறங்கித் தலைக்குமேல் தூக்கியது. அவன் கேமரா ஒரு பக்கம் போய் விழுந்தது, அவன் ஒரு பக்கம். விழுந்தவனை மறுபடியும் தொடையில் குத்தி, பத்தடி உழுதுகொண்டு போயிற்று. பின்னால் வந்த இன்னொரு மாடு இடுப்பின்மேல் மிதித்துப் போயிற்று. முறிந்த ஓசை கரைக்குக் கேட்டது. மாயழகும் இராயப்பனும்தான் ஓடிப்போய்த் தூக்கினார்கள். இராயப்பன் தம் சட்டையைக் கழற்றித் தொடையை இறுக்கிக் கட்டினார். நான் மருத்துவன் அல்லேன். என்னால் அங்கே ஆவது ஒன்றும் இல்லை. புழுதி அடங்குமுன் வில்லையைத் துடைத்து மூட வேண்டியிருந்தது.

பிழைத்துக்கொண்டான். அதுவும் அருளே. மூன்று அறுவை. வலக்காலைத் தொடைக்கு மேலே எடுத்துவிட்டார்கள். மேலூரில் மைத்துனன் வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டு வீடு பார்த்து, அவன் மனைவி வள்ளிமயில் அவனைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டாள்.

வைகாசியில் எங்கள் ஆண்டுக் கண்காட்சிக்குப் படம் தெரிவு செய்தோம். அதே நடுவர். நான்காவது படத்தைக் கிட்டே வந்து மறுபடியும் பார்த்தார். "இதுதான் சார் படம்" என்றார். முதற்பரிசு. சென்னைக் கண்காட்சிக்கும் அதையே அனுப்புவதென்று முடிவாயிற்று. இருபது ஆண்டு உழைப்புக்குக் கிடைத்தது.

விதி யாரை விட்டது? இராயப்பனுக்கு ஓர் ஆசை, பரிசளிப்பு நாளில் ஏழு படத்தையும் வரிசையாகச் சுவரில் போட்டுக் காட்ட வேண்டும் என்று. கணினியில் போட்டால் ஒவ்வொரு படத்தின் அடியிலும் அது எடுத்த நேரம் நொடிக் கணக்கில் வரும். முதல் படத்துக்கும் ஐந்தாம் படத்துக்கும் பதினோரு நொடி இடைவெளி. இராயப்பன் எழுந்து நின்றார்.

"சார், மொதப் படத்துலயே ஓரத்துல மாடு தெரியுதே."

"தெரியலாம்."

"பதினோரு செகண்டு அவரு உங்களையே பாத்துக்கிட்டு நிக்கிறாரே, ஏன்?"

நான் பதில் சொல்லுமுன் பின்வரிசையில் ஒருவர், "கை தூக்கியிருந்தாரு. நான் பாத்தேன். எறக்கவே இல்ல" என்றார். கரைமேல் எனக்குப் பின்னால் நின்றவராம். மூன்று மாதம் வாய் திறவாதவர்.

நான் நிதானமாக விளக்கினேன். வில்லையில் வெயில் நேராக விழுந்தால் படம் வெளுத்துப்போகும். அதைத் தடுக்கக் கையை உயர்த்தி நிழல் செய்வது வழக்கம். நான் உயர்த்தியது நிழலுக்காக. விதியின்படியான கை அது அன்று. அதைச் சேவுகன் பிறழ உணர்ந்தான் என்றால் அதற்கு நான் என்ன செய்ய? உடனே, "வெயிலு உங்க முதுகுப் பக்கம்ல சார் இருந்துச்சு" என்றார் இராயப்பன். இருக்கட்டும். திசை பார்த்துக்கொண்டா படமெடுப்பார்கள்?

அந்த நேரம் பார்த்து வள்ளிமயில் உள்ளே வந்தாள். பரிசு வாங்க வரச்சொல்லி இராயப்பன்தான் அழைத்திருந்தாராம், புருஷன் படத்துக்குப் பரிசு என்று. அவள் சுவரைப் பார்த்தாள். ஏழையும் பார்த்தாள். கத்தவில்லை. நேராக என்னிடம் வந்தாள்.

"அந்த ஆளு என்னைக்காவது எம் பேச்சைக் கேட்டு நின்னிருக்காரா? ஒரு நாளு? ஒம் பேச்சுக்கு நின்னாரு. சாகுறதுக்கும் நின்னாரு. கொலைகாரா."

"அம்மா, தாங்கள் உணர்ச்சிவசப்பட்டு..."

காலில் இருந்ததைக் கழற்றி என் வாயிலேயே அடித்தாள். ஒருமுறை அன்று, நான்கு முறை. முன்பல் ஒன்று ஆடி மறுநாள் விழுந்தது, இதோ இந்த இடம். திருநீறு கலைந்து கண்ணில் விழுந்தது. மாயழகு பின்னால் வந்து என் கேமராவைப் பிடுங்கித் தரையில் அறைந்தான். மடியில் இருப்பது வேறு, புதிது. சங்கத்து ஆண்பிள்ளைகள் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் தடுக்கவில்லை. விதி எழுதிய நாளில் கைதட்டியவர்கள்! நான் குறை சொல்லவில்லை.

கடைசியில் இராயப்பன் ஒரு வழி சொன்னார். அவருக்கு எப்போதும் ஒரு வழி உண்டு. "சார், சேவுகனே எழுதிக் குடுக்கட்டும். ஐயா நெழலுக்குத்தான் கை தூக்குனாரு, நான் அதைப் பாக்கவே இல்ல, நானாத்தான் நின்னேன்னு அவரு சொல்லிட்டா எங்களுக்கு ஒண்ணுமில்ல. படமும் சென்னைக்குப் போகட்டும். இல்லேன்னா நீங்க சங்கத்துல இருக்க முடியாது. படத்தையும் அழிச்சிருவோம்." அழிப்பார்களாம்! பெற்றதை அழிக்கச் சொல்வதுபோல. அதற்கு வைத்த கெடு இன்று நான்கு மணி.

கடிதத்தை நானே தட்டச்சு செய்தேன். மூன்றே வரி. அதில் ஒரு சிறு பொய் இருப்பதை நான் அறிவேன். ஆனால் பெரிய மெய் ஒன்று அழியாமல் இருக்கச் சிறு பொய் தகும் என்றே எனக்குத் தோன்றியது. வெறுங்கையோடு போவது மரபன்று. ஆகவே அந்த நான்காவது படத்தை இரண்டடிக்கு மூன்றடியாகப் பெருக்கி, கண்ணாடி போட்டு, தேக்குச் சட்டமிட்டு எடுத்துப் போனேன். நல்ல கனம். தன்னை அந்தப் பேரொளியில் பார்த்தால் அவனுக்கும் ஆறுதலாக இருக்கும் அல்லவா?

வள்ளிமயில் நூறுநாள் வேலைக்குப் போயிருந்தாள். ஒரு மணிக்குமேல்தான் திரும்புவாள் என்று கேட்டறிந்துகொண்டே போனேன். பெண்கள் இருந்தால் பேச்சு வளரும். மாயழகும் வெளியூர் போயிருந்தான். சேவுகன் கயிற்றுக் கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் எழ முயன்றான். பழக்கம்.

"வாங்கய்யா. வெயில்ல வந்திருக்கீங்க. மோர் குடுக்கக்கூட ஆளில்லைங்கய்யா."

"வேண்டாம் சேவுகா. நீ எப்படி இருக்கிறாய்?"

"இருக்கேன். இல்லாத காலுதான்யா அரிக்குது. சொறியலாம்னு குனிஞ்சா அங்க பாயிதான் இருக்கு." சிரித்தான். அவனுடைய சிரிப்பு அப்படியே இருக்கிறது.

படத்தைப் பிரித்துக் காட்டினேன். ஒரு முறை பார்த்தான். "திருப்பி வைங்கய்யா, சொவத்துப் பக்கம்" என்றான். நான் வருந்தினேன். ஆயினும் திருப்பி வைத்தேன். கடிதத்தைப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டான்.

"நெழலுக்குத் தூக்குனீங்களா, நிக்கச் சொல்லித் தூக்குனீங்களா, அது உங்களுக்குத்தாங்கய்யா தெரியும். அதை நான் கேக்கல. ஆனா பாக்கலைன்னு எழுதியிருக்கு. நான் பாத்தேனே."

"ஒரு வார்த்தைதானே சேவுகா."

"எம் பொண்டாட்டி தெனமும் கேக்குறாய்யா, ஏன்யா ஓடலைன்னு. ராத்திரி பகலு அதே கேள்விதான். அதுக்கு எங்கிட்ட இருக்குறது ஒரே பதிலு. ஐயா கை எறங்கலைன்னு. அதையும் எழுதி வாங்கிட்டுப் போயிட்டீங்கன்னா, கிறுக்குப்பய மாதிரி மாட்டுக்கு முன்னால தானா நின்னவன்னு ஆயிருவேன்ல. காலுதான் போச்சு. இதாவது இருக்கட்டுங்கய்யா."

நான் பலவாறு எடுத்துச் சொன்னேன். இருபத்திரண்டு ஆண்டுகளை நினைவூட்டினேன். அவன் மகள் கல்யாணத்துக்கு நான் முன்னின்றதை நினைவூட்டினேன். எல்லாவற்றுக்கும் "ஆமாய்யா" என்றான். கையெழுத்துக்கு மட்டும், "வேணாங்கய்யா." குரல் உயரவே இல்லை. மரியாதை குறையவே இல்லை. அதுதான் என்னை வதைத்தது. பிறகு ஒன்று கேட்டான்.

"நான் ஒண்ணு கேக்கட்டுமாய்யா? மாடு வந்தது உங்களுக்குத் தெரிஞ்சுச்சா?"

என்னிடம் கேள்வி கேட்டவனே அல்லன் அவன். அளவைப் புத்தகத்தில் நான் எதை எழுதினாலும் 'சரிங்கய்யா' என்று சொன்னவன். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அதே பார்வை. அருட்பார்வை என்று நான் பெயர் வைத்த அதே பார்வை, பதில் வரும்வரை எடுக்க மாட்டேன் என்று என்மேலேயே நிற்கிறது. ஒரு மனிதனால் எவ்வளவு நேரம்தான் அதைத் தாங்க முடியும்?

பிறகு நிகழ்ந்தது என் செயலா, என் வழியாக நிகழ்ந்ததா என்று எனக்கே தெளிவில்லை. சுவரோரம் வைத்த படம் என் கையில் இருந்தது. தேக்குச் சட்டத்தின் முனை அவன் நெற்றிப்பொட்டில் பட்டது. கண்ணாடி உடைந்தது. கட்டிலிலிருந்து சரிந்தான். ஒற்றைக் காலால் ஊன்றி எழ வந்தான். இரண்டாம் முறை பிடரியில். மூன்றாம் முறையும் உண்டு என்று நினைக்கிறேன். கையை உயர்த்தித் தடுக்கக்கூட இல்லை, பாருங்கள். "ஐயா" என்று மட்டும் சொன்னான். வலியில் சொன்னதுபோல் இல்லை. கூப்பிட்டதுபோல் இருந்தது.

நான் பானையிலிருந்து நீர் மொண்டு கை கழுவி, திருநீறணிந்து, ஐந்தெழுத்தை நூற்றெட்டு முறை உருவேற்றினேன். மனம் ஒருமைப்பட்டது. காரியமும் நினைவுக்கு வந்தது.

மூச்சு இருந்ததா என்று கேட்கிறீர்களா? நாடி பார்ப்பது மருத்துவர் வேலை. நான் பார்க்கவில்லை. மணி இப்போது பன்னிரண்டரை. வள்ளிமயில் ஒரு மணிக்கு வருவாள், அவள் பார்த்துக்கொள்வாள். நல்ல பெண்தான், கோபம் மட்டும் அதிகம்.

கடிதத்தைக் கேட்டீர்களே, இதோ. மடிப்பு கலையாமல் பிடியுங்கள். அவனுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்தான். ஆனால் அந்த நிலையில் கைநாட்டே உகந்தது. மைப்பெட்டி என் பையில் எப்போதும் இருக்கும், துறையில் இருந்தபோது வந்த பழக்கம். இடக்கைப் பெருவிரல். கைநாட்டு என்றால் சாட்சி ஒருவர் வேண்டும், அதுதான் முறை. இந்தக் கோட்டின்மேல் தங்கள் பெயரும் ஊரும் எழுதிவிட்டால் போதும், வேறொன்றும் வேண்டாம்.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? சிவகங்கை இன்னும் வரவில்லையே. உட்காருங்கள், அன்பரே. போலிக் கைநாட்டோ என்று ஐயுற வேண்டாம். என் வேலைக்காலத்தில் எத்தனையோ ஆயிரம் கைநாட்டு வாங்கியிருக்கிறேன். எவனாவது ஒருவன் விரலை இழுப்பான், மை பரவிப்போகும். இதைப் பாருங்கள், வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு ரேகைகூடக் கலையவில்லை. கொஞ்சமும் அசையவில்லை அவன்.